இயற்கை விவசாயம் செய்பவர்கள் ஏன் சான்றிதழுக்குத் தயங்குகிறார்கள்?

கேள்வி இது: "எங்கள் பகுதியில் யூரியா, பூச்சிமருந்து எதுவும் போடாமல் விவசாயம் செய்பவர்கள் முப்பது பேர் இருக்கிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாக எல்லோருக்கும் அங்ககச் சான்று, அதாவது ஆர்கானிக் சான்றிதழ் வாங்கித் தரலாம் என்று கூட்டம் போட்டோம். நாலு பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களுக்கு ஏன் விருப்பம் இல்லை? எது இருந்தால் வருவார்கள்?"

நான் ஒரு விவசாயக் குழுவில் ஏழு வருடம் உள் ஆய்வாளராக இருந்தேன். சான்றளிப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் வருவதற்கு முன்னால், குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் வயலுக்கும் போய்ப் பார்த்து, நோட்டைப் புரட்டி, படிவம் நிரப்புகிற வேலை. கையெழுத்துப் போட்டவர்கள், போடாதவர்கள், போட்டுவிட்டு இரண்டாம் வருடம் விலகியவர்கள் என்று மூன்று வகையினர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்தாறு பேருக்கு விருப்பம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "இந்தச் சான்றிதழை நான் யாரிடம் காட்டப் போகிறேன்?" என்று அவர்கள் மனதுக்குள் கேட்டிருப்பார்கள். கூட்டத்தில் அதற்குப் பதில் கிடைத்திருக்காது.

சான்றிதழ் என்பது முகம் தெரியாத ஆளுக்கு எழுதிக் கொடுக்கிற உறுதிமொழி. முகம் தெரிந்தவருக்கு அது தேவைப்படாது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் போடுகிற பலர் அரிசியாக்கி நேரடியாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் ஒரு முறை வயலுக்கு வந்து பார்த்திருப்பார், அல்லது திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் பேசிப் பழகியிருப்பார். அப்புறம் வருடா வருடம் அவரே போன் செய்து கேட்பார். இந்த உறவுக்கு நடுவில் ஒரு காகிதம் வந்தால் விலை ஒரு ரூபாய்கூட ஏறாது. சட்டமும் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2017இல் வந்த அங்கக உணவு ஒழுங்குமுறைப்படி கடையில் 'ஆர்கானிக்' என்று அச்சிட்டு விற்கும் பொருளுக்குச் சான்று கட்டாயம். ஆனால் வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கிற சிறு உற்பத்தியாளர், சாப்பிடுகிறவருக்கு நேரடியாகக் கொடுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். கொல்லிமலை மிளகு, நீலகிரித் தேயிலை, ஈரோட்டு மஞ்சள், அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கை இலைத்தூள் போன்றவை கப்பல் ஏறக்கூடிய சரக்குகள். வாங்குகிறவர் ஜெர்மனியில் இருந்தால் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பயிர் செய்கிறவர்களிடம் சான்றிதழ் பற்றிப் பேச ஆரம்பித்தால், 'ஏன்' என்ற கேள்வி வருவதில்லை, 'எப்படி, எவ்வளவு' என்றுதான் கேட்பார்கள். ஆகவே உங்கள் முப்பது பேரில் யார் வருவார்கள் என்பது அவர்கள் மனநிலையைவிட, விளைச்சல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்தது. கையெழுத்துப் போட்ட நாலு பேர் என்ன பயிர் செய்கிறார்கள், எங்கே விற்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். எள், மஞ்சள், தேங்காய் மாதிரி வெளியூர் போகிற சரக்கு வைத்திருப்பார்கள், அல்லது ஊருக்குத் திரும்பி வந்து இணையத்தில் விற்கத் தொடங்கிய இளைஞர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கட்டணம்தான் தடை என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. தமிழ்நாட்டில் 2007 முதல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே இயங்குகிறது. அங்கே சிறு, குறு விவசாயிக்கு வருடக் கட்டணம் 2,700 ரூபாய், குழுவாகப் பதிந்தால் 7,200 ரூபாய் என்றுதான் பல காலம் இருந்தது. இருபத்தைந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு 300 ரூபாய்கூட வராது. பங்கேற்பு முறையில், அதாவது விவசாயிகளே ஒருவரை ஒருவர் பார்த்து உறுதி செய்கிற பிஜிஎஸ் திட்டத்தில், கட்டணமே கிடையாது. ஐந்து பேர் இருந்தால் குழு தொடங்கலாம். அப்படியிருந்தும் வருகிறவர்கள் கொஞ்சம்தான் என்றால், பணம் முதல் காரணமாக இருக்க முடியாது.

கட்டணத்துக்கு அப்பால் ஒரு செலவு இருக்கிறது. அதை யாரும் ரசீதில் எழுதுவதில்லை. மாற்றுக் காலம். ஏற்றுமதிக்கும் செல்லுபடியாகும் தேசியத் திட்டத்தில் (என்பிஓபி என்பார்கள், வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபிடா நடத்துவது) நெல், எள் போன்ற ஓராண்டுக்குள் முடிகிற பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம், தென்னை, மிளகு போன்ற நீண்ட காலப் பயிருக்கு அறுவடைக்கு முன் மூன்று வருடம் ரசாயனம் படாமல் இருக்க வேண்டும். அந்த வருடங்களில் அங்கக முறைப்படி எல்லாம் செய்தாக வேண்டும், அங்கக விலை மட்டும் கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூரியா, டிஏபி போட்டு ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால், மண்ணில் மக்கு சேர்ந்து நுண்ணுயிர்கள் பெருகும் வரை விளைச்சல் இறங்கும். இருபது மூட்டைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மூட்டை நஷ்டம். களை எடுக்க ஆள் கூலி கூடும். விற்கப் போவது அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில். அங்கே நஞ்சு போட்ட நெல்லுக்கும் போடாத நெல்லுக்கும் ஒரே விலை. இரண்டு வருடம் இப்படித் தாங்கினால் மூன்றாம் வருடம் கூடுதல் விலை வரலாம். அந்த 'லாம்' என்பதற்காக யார் கடன் கொடுப்பார்கள்? கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் தவணை காத்திருக்காது. வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒருவர் இருக்கும் குடும்பமும், மாடு வைத்துப் பால் ஊற்றுகிற குடும்பமும் இதில் துணிந்து இறங்குவதையும், நெல் ஒன்றையே நம்பியிருக்கிற குடும்பம் பின்வாங்குவதையும் நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். படிப்பு, வயது, ஆர்வம் எல்லாவற்றையும்விட இந்த இரண்டாவது வருமானம்தான் பலமாக வேலை செய்கிறது.

இந்த இடத்தில் உங்கள் ஊருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. உங்கள் ஆட்கள் ஏற்கெனவே ரசாயனம் போடாதவர்கள். அவர்களுக்கு விளைச்சல் வீழ்ச்சி முடிந்துபோன கதை. ஆனால் ஏழு வருடமாக இயற்கை முறையில் செய்கிறேன் என்று வாயால் சொன்னால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பழைய பதிவுகள் இல்லையென்றால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் காலம் எண்ணப்படும். பதினைந்து வருடமாகப் பஞ்சகவ்யம், அமுதக் கரைசல் போன்ற மாட்டுச் சாணக் கரைசல்கள் தவிர எதையும் தொடாத ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நான் நேத்துதான் பிறந்தேனாப்பா?" அவர் கையெழுத்துப் போடவே இல்லை. அவர் கோபம் நியாயமானது. விஷம் தெளிக்கிறவர் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. தெளிக்காதவர் காசு கட்டி, ஆய்வாளரைக் கூட்டி வந்து, தன்னை நிரூபிக்க வேண்டும். இந்தத் தலைகீழ் ஏற்பாடு மனதைக் காயப்படுத்துகிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா பேசிக் கேட்டு இயற்கைக்குத் திரும்பிய தலைமுறை இது. அவர்கள் இதை ஒரு வாழ்க்கை முறையாக எடுத்துக்கொண்டவர்கள். அவர்களிடம் 'லேபிள் கிடைக்கும், விலை கிடைக்கும்' என்று மட்டும் பேசினால், அவர்கள் செய்துவந்ததையே சிறுமைப்படுத்துவது போல ஆகிவிடும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்த பெரிய முட்டுக்கட்டை. விண்ணப்பத்தோடு பட்டா, சிட்டா, நில வரைபடம், மண், தண்ணீர் பரிசோதனை முடிவு, வருடாந்தரப் பயிர்த்திட்டம் எல்லாம் வைக்க வேண்டும். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். கூட்டுப் பட்டாவில் சித்தப்பா திருப்பூரில் இருப்பார், அத்தைக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. நிலத்தை உழுகிறவர் பெண்ணாக இருப்பார், ஆவணம் கணவர் பெயரில் இருக்கும். குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். மூன்று வருடம் பாடுபட்டு மண்ணைத் தேற்றி, சான்று கைக்கு வரும் நேரத்தில் நிலத்துக்காரர் "இனி நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? டெல்டாவில் கோயில் நிலமும் குத்தகை நிலமும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வாய்மொழிக் குத்தகைக்காரரிடம் போய் விருப்பம் இருக்கிறதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. விருப்பப்படுகிற உரிமையே அவருக்கு இல்லை.

அப்புறம் பக்கத்து வயல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டங்களில் இதை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். பக்கத்து வயலில் அடிக்கிற மருந்து காற்றில் வரும், தண்ணீரில் வரும். அதனால் ஓரத்தில் ஒரு தடுப்புப் பட்டை விடச் சொல்வார்கள். அதில் விளைவதை அங்ககம் என்று விற்கக் கூடாது, தனியாக அறுத்து, தனியாக வைக்க வேண்டும். எத்தனை அடி என்பதை ஆய்வாளர் இடத்தைப் பார்த்துச் சொல்வார். மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சதுரமான ஒரு ஏக்கரில் நாலு பக்கமும் மூன்று மீட்டர் விட்டால் பதினெட்டு சென்ட் போய்விடும். அதே அரை ஏக்கர் என்றால் பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல், அதாவது நிலத்தில் கால் பங்கு. நம் ஊர் நிலம் சதுரமாகவும் இருப்பதில்லை, வால் மாதிரி நீண்டு கிடக்கும், அதில் இன்னும் அதிகம் போகும். பெரிய பண்ணைக்கு ஒரு பொருட்டாகவே இல்லாத விதி, சிறு விவசாயியின் அடிவயிற்றில் கை வைக்கிறது.

தண்ணீர் இதைவிடச் சிக்கல். மேல்மடைக்காரர் யூரியா போட்டால் கீழ்மடைக்காரர் வயலுக்கும் அது வந்து சேரும். ஆற்றுப் பாசனத்தில் தனியாக ஒருவர் அங்கக விவசாயி ஆவது கஷ்டம், வாய்க்கால் முழுக்கச் சேர்ந்து வந்தால்தான் சுலபம். கிணற்றுப் பாசனத்திலும், மழையை மட்டும் நம்பிய மானாவாரியிலும் அந்தத் தொல்லை குறைவு. விருதுநகர், ராமநாதபுரம் மானாவாரிக் காடுகளில் குதிரைவாலியும் வரகும் விதைக்கிறவர்கள் பலர் உரச் செலவே பெரிதாக வைத்துக்கொள்வதில்லை. சான்றிதழுக்கு நிலம் தயாராக இருப்பது அங்கேதான். ஆனால் அங்கே ஏக்கர் விளைச்சல் குறைவு, வியாபாரி களத்துக்கே வந்து எல்லார் தானியத்தையும் ஒன்றாகக் கொட்டி அள்ளிக்கொண்டு போகிறார். அங்கே போய்ப் பேச ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை.

கூட்டமாகச் சேர்ந்தால் இந்தத் தொல்லைகள் எப்படிக் குறையும் என்பதற்கு சிக்கிம் ஒரு பாடம். மாநிலம் முழுவதையும் அங்கக விவசாயத்துக்கு மாற்றுவோம் என்று 2003இல் அறிவித்து, ரசாயன உரத்தைப் படிப்படியாக நிறுத்தி, 2016இல் சுமார் 75,000 ஹெக்டேரும் சான்று பெற்ற நிலம் என்று அறிவித்தார்கள். சான்றுச் செலவை அரசு ஏற்றது. மாநிலம் முழுக்க ரசாயனம் இல்லை என்பதால் பக்கத்து வயல் பயம் போய்விட்டது. இங்கே தனி விவசாயியின் விருப்பம் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது, அதற்கும் ஒரு விலை இருந்தது. சான்று வந்துவிட்டது, வாங்குகிறவர் அதே வேகத்தில் வரவில்லை. வெளியிலிருந்து வந்த மலிவான காய்கறியோடு போட்டி போட முடியாமல் உள்ளூர் விவசாயிகள் தவித்தார்கள். 2018இல் வெளி மாநிலத்துச் சில காய்கறிகளுக்கு அரசு தடையே போட வேண்டியிருந்தது. ரசாயனமே தொடாத நிலத்துக்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. நிக்கோபார் தீவுகளில் 14,491 ஹெக்டேரை ஒரே பெரும் பரப்பாக எடுத்துச் சான்று கொடுத்தார்கள், மாற்றுக் காலம் முழுவதையும் காத்திருக்கவில்லை. நம் மானாவாரிப் பகுதிகளுக்கு இந்த வழியை ஏன் யாரும் தீவிரமாக யோசிக்கவில்லை என்று நான் பல முறை வருத்தப்பட்டிருக்கிறேன்.

சரி, நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். விதை எங்கே வாங்கினீர்கள், ரசீது எங்கே, எரு எங்கிருந்து வந்தது, என்றைக்குத் தெளித்தீர்கள், எந்த டேங்க், என்றைக்கு அறுத்தீர்கள், எத்தனை மூட்டை, எந்த அறையில் வைத்தீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். சொந்த விதை வைத்திருப்பவரிடம் ரசீது இருக்காது. கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கிடைக்காரர் வந்தார், நாலு ராத்திரி ஆடுகளை அடைத்தார், கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அவர் பெயர், தேதி, எத்தனை ஆடு என்று எழுதி வைத்தால் அது எருவுக்கான ஆதாரம். எழுதாவிட்டால், அந்த வயலுக்கு எரு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. நம் விவசாயிகளுக்கு எல்லாம் நினைவில் இருக்கும். எந்த வருடம் எந்த மடையில் என்ன போட்டோம் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வார்கள். படிவத்துக்கு அந்த நினைவு போதாது.

என் அனுபவத்தில், நோட்டு ஒழுங்காக இருந்த வீடுகளில் எல்லாம் எழுதியவர் வேறு யாரோ ஒருவர். பெரும்பாலும் மகள், மருமகள், சில வீட்டில் பத்தாவது படிக்கிற பையன். மகள் கல்யாணமாகிப் போனதும் நோட்டு நின்றுபோன வீடும் உண்டு. குழுவில் மாதம் ஒரு முறை வீடு வீடாகப் போய் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க, சம்பளத்தோடு ஒரு ஆள் இருந்தால் சான்றிதழ் நிற்கும். அந்த ஒரு ஆளுக்கான பணத்தை எந்தத் திட்டமும் போதுமான காலத்துக்குத் தருவதில்லை. அங்ககக் குழுக்களுக்கு உதவுகிற மத்திய அரசின் பரம்பராகத் திட்டம் 2015இல் வந்தது. 20 ஹெக்டேர் தொகுப்பு, ஹெக்டேருக்கு மூன்று வருடத்தில் 50,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். நிறையக் குழுக்கள் பிறந்தன. பணம் மூன்று வருடம் வரும், நான்காம் வருடம் நிற்கும், அதோடு நோட்டும் நிற்கும். மாற்றுக் காலமே இரண்டு, மூன்று வருடம் பிடிக்கிறதென்றால், சான்று கைக்கு வந்து விற்பனை தொடங்க வேண்டிய நேரத்தில் ஆதரவு போய்விடுகிறது. இதை ஒரு முறை பார்த்த ஊரில் அடுத்த திட்டத்தோடு போனால், "எத்தனை வருஷத்துக்கு?" என்றுதான் முதல் கேள்வி வரும்.

பங்கேற்பு முறை இலவசம் என்றேன். அதில் வேறொரு விலை இருக்கிறது, அது உறவு. பங்காளியும் மாமனும் மச்சானும் இருக்கிற ஊரில், "இவர் களைக்கொல்லி அடித்தார்" என்று யார் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்? எங்கள் குழுச் சான்றிலும் இதே சங்கடம் உண்டு. ஒரு வருடம் ஆய்வுக்குப் போனபோது ஓர் அண்ணன் வீட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் காலி களைக்கொல்லி பாட்டில் கிடந்தது. அவருடையது இல்லை, தம்பி தன் பங்கு நிலத்துக்கு அடித்துவிட்டு அங்கே போட்டது. எனக்கும் அது தெரியும். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வெளி ஆய்வாளர் குழுவில் எல்லோர் வயலையும் பார்ப்பதில்லை, சிலருடையதை மட்டும் பார்த்து, மற்றதற்கு எங்கள் பதிவை நம்புகிறார். எங்கள் பதிவு பொய் என்று தெரிந்தால் குழு முழுவதும் போய்விடும். எழுதினேன். அண்ணனும் தம்பியும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை, என்னோடும்தான். இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே யோசித்துத்தான் பல பேர் விலகி நிற்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே சமயம், இதே உறவு மறுபக்கமும் வேலை செய்யும். ஊரில் மதிப்புள்ள ஒருவர் முதலில் சேர்ந்து, அவர் சரக்குக்கு நல்ல விலை வந்ததை மற்றவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த வருடம் நீங்கள் கூட்டம் போட வேண்டியதில்லை, தேடி வருவார்கள்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது. சான்றிதழ் யார் பெயரில் இருக்கும்? இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டவர்கள்தான் பின்னால் அதிகம் கசந்து போனவர்கள். குழுச் சான்றில் 25 பேர் முதல் 500 பேர் வரை சேரலாம். ஆனால் அந்தச் சான்று பல காலம் குழுவை நடத்துகிற நிறுவனத்தின் கையில்தான் இருந்தது, அது வியாபார நிறுவனமாகவோ தொண்டு நிறுவனமாகவோ இருக்கும். விவசாயி தன் மஞ்சளை வேறு ஒருவருக்கு நல்ல விலைக்கு விற்க நினைத்தால், அந்த விற்பனைக்குப் பரிவர்த்தனைச் சான்று, அதாவது விற்கிற சரக்கு சான்று பெற்றதுதான் என்று காட்டுகிற காகிதம் வேண்டும், அதை அவரால் தனியாக எடுக்க முடியாது. அதாவது உழைப்பும் மூன்று வருட நஷ்டமும் விவசாயியுடையது, காகிதம் வேறொருவருடையது. வாங்குகிறவர் ஒருவரே என்றால் விலையை நிர்ணயிப்பவரும் அவரே. எனக்குத் தெரிந்த ஒரு குழுவில், மூன்றாம் வருட அறுவடையின்போது நிறுவனம் கொள்முதலைக் குறைத்துக்கொண்டது. விவசாயிகள் மீதிச் சரக்கை மண்டியில் சாதா விலைக்குப் போட்டார்கள். அந்த ஊரில் இன்றுவரை யாரும் சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்கத் தயாராக இல்லை.

2025 ஜனவரியில் வந்த தேசியத் திட்டத்தின் புதிய பதிப்பு, குழு என்பது சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதியும் அதையே கேட்கிறது. இது உங்களுக்கு நல்ல செய்தி. உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஏற்கெனவே பதிவு பெற்றது, அதில் பங்குதாரர்கள் விவசாயிகளே. சான்று அதன் பெயரில் இருந்தால் காகிதம் விவசாயிகள் கையில் இருக்கும். உங்கள் முதல் கூட்டத்தில் இதைத் தெளிவாகச் சொன்னீர்களா? சொல்லியிருக்காவிட்டால், அடுத்த கூட்டத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

ஏற்றுமதியை மட்டும் நம்பி ஆட்களைச் சேர்க்காதீர்கள் என்று ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். அது வயலில் போடுகிற பொருள் இல்லை, அறுவடைக்குப் பின்னால் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்துவது. யாரோ கிடங்கில் செய்ததற்கு, நோட்டை ஒழுங்காக எழுதிய விவசாயிகளின் எள்ளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளானது. 2021 ஜனவரியில் அமெரிக்கா, இந்தியச் சான்று ஏற்பாட்டை ஏற்று வந்ததை முடித்துக்கொண்டது. அதன் பிறகு அந்த நாட்டுக்கு அனுப்ப அவர்கள் விதிப்படியே தனியாகச் சான்று வாங்க வேண்டியதாயிற்று. இப்படி ஊரில் யாரும் கேள்விப்படாத ஒரு முடிவு, ஊர்க்காரர்களின் மூன்று வருட உழைப்பை அசைத்துவிடுகிறது. ஒரு சரக்காவது நம் ஊர் நகரங்களில் விற்கும்படி இருக்க வேண்டும்.

அப்படியானால் எது இருந்தால் வருவார்கள்? வாங்குகிறவரை முதலில் கண்டுபிடியுங்கள். சான்று வாங்கிய பிறகு சந்தை தேடுவது என்ற வரிசையை மாற்றுங்கள். சென்னையிலோ கோவையிலோ உள்ள இயற்கை அங்காடி, செக்கு எண்ணெய்க்காரர், சிறுதானியம் அரைத்து விற்கிற நிறுவனம் யாராவது, "இத்தனை டன், மண்டி விலைக்கு மேல் இவ்வளவு, மாற்றுக் காலச் சரக்குக்கும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன்" என்று எழுதித் தரட்டும். மாற்றுக் காலச் சரக்குக்குக் கொஞ்சமாவது கூடுதல் விலை என்ற அந்தக் கடைசி வாக்கியம் கிடைத்தால், நாலு பேர் பதினாலு பேராவார்கள். எள்ளும் தேங்காயும் கொப்பரையாக, எண்ணெயாக நகரத்துக்குப் போகிறவர்களுக்கு தேசியத் திட்டம் பொருந்தும். காய்கறியும் அரிசியும் பக்கத்து ஊருக்கு விற்பவர்களுக்கு பங்கேற்பு முறை போதும். நேரடியாக வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களை விட்டுவிடுங்கள். அவர்களுக்குச் சான்று தேவையில்லை என்று நீங்களே கூட்டத்தில் சொன்னால், மற்றவர்கள் உங்கள் பேச்சை இன்னும் நம்புவார்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை, தனித்தனி ஆளாகச் சேர்க்காமல் ஒரு கிணறு, ஒரு வாய்க்கால், ஒட்டிக் கிடக்கும் வயல்கள் என்று கொத்தாகச் சேருங்கள். பத்துப் பேர் வயல் ஒட்டி இருந்தால் தடுப்புப் பட்டை வெளி ஓரத்துக்கு மட்டும் போதும். அந்த ஓரத்தில் அகத்தியும் கிளுவையும் வைத்தால் ஆட்டுக்குத் தழையாவது மிஞ்சும். நடுவில் ஒருவர் மட்டும் ரசாயனம் போடுகிறவராக இருந்தால், அவரைச் சேர்க்க ஒரு வருடம் காத்திருந்தாலும் தப்பில்லை.

பட்டா மாற்றம், கூட்டுப் பட்டா பிரிப்பு இதெல்லாம் சான்றிதழ் வேலை இல்லை என்று ஒதுக்காதீர்கள். ஒரு நாள் முகாம் மாதிரி வைத்து, கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டு முடித்துக் கொடுங்கள். எங்கள் குழுவில் அப்படிச் செய்த பிறகு, சான்றிதழில் ஆர்வமே காட்டாத ஐந்து பேர் சேர்ந்தார்கள். எங்களால் ஒரு காரியம் முடியும் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

ஒன்று மட்டும் தள்ளிப் போடாமல் இன்றைக்கே செய்யுங்கள். யார் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், முப்பது பேர் கையிலும் ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, இந்தப் பட்டத்து விதைப்பிலிருந்து எழுதச் சொல்லுங்கள். தேதி, பயிர், விதை யாரிடம் வாங்கியது, எரு எங்கிருந்து, என்ன தெளித்தது, எத்தனை மூட்டை. எழுதத் தெரியாதவர் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், பிள்ளை இல்லாத வீட்டுக்கு நீங்கள் போங்கள். கிடைக்காரர் வந்தால் அவர் பெயரையும் ஆடுகளின் எண்ணிக்கையையும் எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வருடம் விண்ணப்பம் போடுகிற அன்று, அந்த நோட்டை மேசை மேல் வைக்கிறவருக்குப் பேசுவதற்கு ஒரு ஆதாரம் இருக்கும்.